பீலியில் வந்த வேப்பிலை

டிக்கோயா
14.1.1979

அன்பு மகன் லோரன்ஸுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறேன். முழங்கால் மட்டும் இந்தக் குளிரில் பிடிவாதம் பிடிக்கிறது. நீயும் உன் மனைவி டோரீனும் அந்தப் பனியில் எப்படி இருக்கிறீர்கள் என்பதற்கு உன் கடிதத்தில் இரண்டு வரிதான் இருந்தது. அது போதாது.

நீ கேட்ட அப்பாவின் மழைப் புத்தகங்களை நேற்று ஹட்டன் தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டேன். 1946 முதல் 1968 வரை, வருடத்துக்கு ஒன்றாக இருபத்து மூன்று கொப்பிகள். வெள்ளப்பாறைத் தோட்டத்து ஃபெக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கராக அவர் இருந்த காலம் முழுவதும், காலை ஆறரைக்கு மழைமானியை இறக்கி, தண்ணீரைக் கண்ணாடி அளவையில் ஊற்றி எழுதிய கணக்கு. நல்ல பிரதி தோட்டக் கந்தோருக்குப் போகும். இது வீட்டுப் பிரதி. தோட்டம் கைமாறியபோது கந்தோர்ப் பிரதிகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகையால் உன் கையில் இருப்பதுதான் மிச்சம். ஒரு தாள் கிழியக் கூடாது. வேலை முடிந்ததும் திரும்பி வர வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் உன் பேராசிரியர் வந்து வெள்ளப்பாறை மலைக் குகையிலிருந்து கல் எடுத்துப் போனாரே, அதற்கும் அப்பாவின் மழைக்கும் என்ன சம்பந்தம் என்று நீ எழுதவில்லை. நல்ல மனிதர். சேறு பட்ட சப்பாத்தோடு என் முன்னறைக்குள் வந்தார் என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

உங்கள் இருவருக்காகவும் தினமும் செபமாலையில் ஒரு பத்து சொல்கிறேன்.

உன் அம்மா
றோசலின்


பிரிஸ்டல்
11.2.1979

என் அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். டோரீனுக்கு இருந்த இருமல் போய்விட்டது. நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். இப்போது மூன்று வரி ஆகிவிட்டது.

புத்தகங்கள் வந்து சேர்ந்தன. நீங்கள் சுற்றியிருந்த மெழுகுத்துணியை அவிழ்க்கவே அரைமணி நேரம் பிடித்தது.

சம்பந்தம் இதுதான். அந்தக் குகையில் கூரையிலிருந்து நீர் சொட்டுகிறது. நீரில் கரைந்து வந்த சுண்ணாம்பு, சொட்டு விழுந்த இடத்தில் படிந்து படிந்து தரையிலிருந்து ஒரு கல்லாக எழும்புகிறது. நாங்கள் அதை நெட்டுக்கு அறுத்துத் தேய்த்து விளக்குக்கு எதிரே பிடிக்கிறோம். உள்ளே மயிரளவில் வரிகள் தெரியும், வருடத்துக்கு ஒன்று. நல்ல மழை என்றால் வரி தடித்திருக்கும், மழை குறைந்தால் மெலிந்திருக்கும். இந்தக் கல்லின் அடி இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தியது. அந்தக் காலத்து மழையை எழுதி வைத்தவர் யாரும் இல்லை. கல் மட்டும்தான் உண்டு. ஆனால் கல் சொல்வது சரியா என்று பார்க்க, ஒரு மனிதர் நாள் தவறாமல் அளந்து எழுதிய மழை வேண்டும். அதனால்தான் கேட்டேன்.

அம்மா, 1946 முதல் 1958 வரை இரண்டும் ஒட்டி வைத்ததுபோல் பொருந்துகின்றன! நாற்பத்தேழாம் வருட வெள்ளம் கல்லில் தடித்த வரியாக நிற்கிறது. பேராசிரியர் மேசையைத் தட்டினார். மிச்சத்தை இனித்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் முழங்காலுக்கு டோரீன் ஒரு கம்பளி உறை பின்னுகிறாள்.

அன்பு மகன்
லோரன்ஸ்


டிக்கோயா
3.3.1979

அன்பு மகனுக்கு,

நான் சுகம். கம்பளி உறைக்கு அளவு அனுப்பியிருக்கிறேன். டோரீன் தன் காலை வைத்து அளக்க வேண்டாம் என்று சொல்.

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்குச் சாமியாரிடமும் வாசித்துக் காட்டினேன். அப்பா இருந்திருந்தால் எழுந்து போய் ஒரு தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்திருப்பார். சந்தோஷம் வந்தால் அவருக்கு அதுதான் வழக்கம்.

ஒன்றை உன் பேராசிரியருக்குச் சொல். மழை இல்லாத நாளிலும் அப்பா பூச்சியம் போடாமல் விட மாட்டார். "எழுதாம விட்டா மழை இல்லன்னு அர்த்தம் இல்ல றோசலின், நான் போய்ப் பாக்கலன்னு அர்த்தம்" என்பார். அப்படிப்பட்ட மனிதரின் புத்தகம் அது.

இருவருக்கும் என் ஆசீர்.

அம்மா


பிரிஸ்டல்
22.4.1979

என் அன்புள்ள அம்மாவுக்கு,

பாஸ்குத் திருநாள் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம்.

இதை எப்படி எழுதுவது என்று ஒரு வாரமாக யோசித்தேன். உங்களிடம் சுற்றி வளைத்தால் பிடிக்காது. நேராகவே எழுதுகிறேன்.

1959 முதல் புத்தகமும் கல்லும் பிரிந்துவிட்டன. புத்தகத்தில் வழக்கமான மழை. தென்மேற்குப் பருவம் ஒரு வருடமும் தவறவில்லை. கல்லிலோ வரிகள் திடீரென்று மெலிந்து நூலாகிவிட்டன. அன்றிலிருந்து ஒரே கடும் வறட்சி என்கிறது கல். அதே வருடம் மார்ச் மாதம் புத்தகத்தில் எழுத்தும் மாறுகிறது. பார்த்தால் அப்பாவின் எழுத்து மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் ஏழு என்ற எண் வருமிடமெல்லாம் குறுக்கே ஒரு சிறு கோடு. அப்பா அப்படிப் போட்டதில்லை.

பேராசிரியர் சொல்வது: 1959க்குப் பிறகு யாரோ மழைமானிப் பக்கமே போகாமல், வீட்டில் உட்கார்ந்து எண்களை இட்டு நிரப்பியிருக்கிறார்கள். ஒரு பகுதி பொய் என்றால் மீதியையும் நம்ப முடியாது. செப்டம்பர் கடைசியில் எங்கள் அறிக்கை அச்சுக்குப் போகிறது. அதில் 'இந்தப் பதிவு நம்பத்தகாதது' என்று எழுதிப் புத்தகத்தை முழுவதுமாக விலக்கிவிடலாம் என்கிறார்.

என்னால் மறுக்க முடியவில்லை. மறுக்க என் கையில் எதுவும் இல்லை. அந்த வருடம் வேறு யாராவது எழுதினார்களா அம்மா?

அன்பு மகன்
லோரன்ஸ்


டிக்கோயா
9.5.1979

லோரன்ஸுக்கு,

சுகம்.

வெள்ளப்பாறைத் தோட்டத்து மழைப் புத்தகத்தில் பொய்யான எண் ஒன்றுகூட இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி நான் விவாதிக்க விரும்பவில்லை. உன் அப்பா இறந்து ஐந்து வருடம் ஆகிறது. அவர் வந்து பதில் சொல்ல முடியாது என்பதை உன் பேராசிரியர் கவனிக்காமல் இருக்கலாம். நீ கவனித்திருக்க வேண்டும்.

புத்தகங்களைத் திருப்பி அனுப்பு. பதிவுத் தபாலில்.

திருமதி றோசலின் மரியநாயகம்


பிரிஸ்டல்
27.5.1979

என் அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் சுகம் என்று ஒரு சொல்லில் எழுதியிருந்ததால் சுகமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். கம்பளி உறையைத் தனியாக அனுப்பியிருக்கிறோம். தயவுசெய்து போட்டுக்கொள்ளுங்கள்.

புத்தகங்களை இப்போது அனுப்ப மாட்டேன். அனுப்பினால் பேராசிரியர் சொன்னதே நின்றுவிடும். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

உங்கள் கடைசிக் கடிதம் என் மேசையில் மழைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. தலைப்பில் 1979 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏழின் குறுக்கே ஒரு கோடு.

இதை நான் பேராசிரியரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். எப்போது சொல்ல முடியுமோ அப்போது எனக்கு மட்டும் சொல்லுங்கள். செப்டம்பருக்குள் முடிந்தால் நல்லது.

அன்பு மகன்
லோரன்ஸ்


டிக்கோயா
19.8.1979

அன்பு மகன் லோரன்ஸுக்கு,

உறை கிடைத்தது. சரியான அளவு. நீ மே மாதம் எழுதியதற்கு ஆகஸ்டில் பதில் எழுதுகிறேன். நடுவில் ஏழெட்டுக் கடிதம் எழுதிக் கிழித்தேன். என் வீட்டு வேலைக்கு வரும் அழகம்மா அந்தத் தாள்களில்தான் அடுப்பு மூட்டினாள்.

1959 மார்ச் 2 முதல் எழுதியது நான்.

அப்பாவுக்குக் கண்ணில் அழுத்தம். முதலில் ஓரம் மறைந்தது. பிறகு சின்ன எழுத்தும் சின்னக் கோடும் மறைந்தன. தேயிலைக்கு அவருக்குக் கண் வேண்டியதில்லை. அரைத்த கொழுந்தைக் கையில் பிடித்து முகர்ந்தால் போதும், அடுப்புக்கு எப்போது ஏற்றுவது என்று சொல்லிவிடுவார். ஆனால் மழை அளக்கும் கண்ணாடியில் கோடு பார்க்க முடியவில்லை. அது வெளியே தெரிந்தால் வேலை போகும், வேலையோடு வீடு போகும், உன் கண்டிப் போர்டிங் பள்ளிப் படிப்பு போகும். உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். உன் ரிப்போட்டை நீட்டினால் "நீயே வாசி" என்பாரே, நீ அதைக் கண்டிப்பு என்று நினைத்தாய்.

ஆகையால் தினமும் காலை ஆறரைக்குக் குடை பிடித்துக்கொண்டு அவரோடு நானும் போனேன். அவர் ஊற்றுவார், நான் பார்ப்பேன். இரண்டு வாரம் அவருடைய எழுத்தைப் பழகினேன். ஏழில் மட்டும், பள்ளியில் எனக்கு எழுதப் பழக்கிய கன்னியாஸ்திரிகள் என்னை வென்றுவிட்டார்கள். 1963 டிசம்பர் 14ஐப் பார். எண் இருக்காது, கோடுதான் இருக்கும். அன்று எனக்குக் காய்ச்சல், போகவில்லை. ஊகித்து எழுத எனக்குத் தெரியாதா? எழுதவில்லை.

இனி உன் கல்லுக்கு வருகிறேன். புத்தகம் பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். கல் பொய் சொல்லாது என்று நீ சொல்கிறாய். அப்படியானால் மழைக்கும் கல்லுக்கும் நடுவில் என்னவோ நடந்திருக்கிறது. நடுவில் இருக்கும் மண்ணைப் பற்றி உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. லயத்தில் குடியிருக்கும் தோட்டத்து ஆட்களுக்குத் தெரிந்திருக்கலாம் என்று போன சனிக்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை, இரண்டு பஸ் மாறி வெள்ளப்பாறைக்குப் போனேன்.

கீழ் லயத்தில் ராக்காயி இருந்தாள். உனக்கு ஞாபகம் இருக்கும், கொழுந்து எடுப்பதில் எப்போதும் முதல் ஆள். அவளுடைய புருஷன் செல்லசாமி வாசலில் குந்திக்கொண்டு வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தான்.

"யாரு, டீமேக்கரய்யா வீட்டு அம்மாவா! அப்பல்லாம் எங்க லயத்துப் பக்கம் முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டுப் போவீங்க. இன்னைக்கு உள்ளுக்கே வந்துட்டீங்களே" என்றாள் ராக்காயி.

"மூக்கு இப்ப சரியா வேல செய்யல, அதான் வந்தேன்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பிராவிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஐம்பத்தொன்பதில் தோட்டத்தில் தண்ணீர் ஏதாவது மாறியதா என்று கேட்டேன்.

"வருசமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. பீலி செத்தது பூரணி பொறந்த வருசம்" என்றாள். பீலி என்றால் டோரீனுக்குச் சொல். மலையிலிருந்து ஊறி வரும் தண்ணீரைத் தகரக் குழாய் வைத்து விழவிடுவது. லயத்து ஆட்கள் குளிப்பதும் குடிப்பதும் அதில்தான்.

"அது ஆத்தா கோவம்மா. திருவிழா முடிஞ்சு மேல ஓடையில கரகத்தக் கரைப்போமில்ல, அந்த ஓடை கொஞ்சந் தூரம் போயி ஒரு குழிக்குள்ள எறங்கிரும். எங்க போவுதுன்னு தெரியாது. ரெண்டு நா கழிச்சு நம்ம பீலியில மஞ்சத் தண்ணி வரும், வேப்பெல வரும். ஆத்தா மலைக்குள்ளாற நடந்து நம்ம வாசலுக்கு வந்துட்டான்னு கும்புட்டுத்தான் கொடத்த வைப்போம். பூரணி பொறந்த வருசத்துத் திருவிழாவுல ஒரு எலகூட வரல. தண்ணியும் நூலாப் போச்சு."

லோரன்ஸ், அந்தக் குளிரில் வேப்பமரம் ஏது? திருவிழாவுக்கு மாத்தளையிலிருந்து லொறியில் வரும் வேப்பிலை அது. கரகத்தில் கட்டியது தவிர பீலிக்கு வேறெங்கிருந்தும் வர முடியாது. பீலிக்கும் அந்தக் குழிக்கும் நடுவில்தானே உன் குகை இருக்கிறது?

"ஆத்தாவும் இல்ல, கோவமும் இல்ல" என்றான் செல்லசாமி. "நாந்தான் வெட்டுனேன். தொர புது பங்களாவுக்குத் தண்ணித் தொட்டி கட்டுனாரு. ஓடைய குழிக்குப் போகவிடாமத் திருப்பிக் கான் வெட்டச் சொன்னாரு. பதினாறு ஆளு, ரெண்டு மாசம்."

"இருவது வருசமா வாயத் தொறக்கலியேடா பாவி!" என்று ராக்காயி வெற்றிலை உலக்கையைப் பிடுங்கிக்கொண்டாள். "ஆத்தாவுக்கு நான் வருசா வருசம் மாவெளக்குப் போட்டேனே!"

"சொல்லியிருந்தா நீ என்னை வீட்டுல சேத்திருப்பியா?"

பூரணியின் பிறப்புத் துண்டை வாங்கிப் பார்த்தேன். 1959 பெப்ரவரி 20. செல்லசாமியோடு மேலே ஏறி அந்தக் கானையும் குழியையும் கண்ணால் பார்த்தேன். ஓடை இன்றைக்கும் கான் வழியாகத்தான் போகிறது. குழியில் பன்னச் செடி முளைத்திருக்கிறது. படம் போட்டு, காலடி அளவு குறித்து, இத்துடன் வைத்திருக்கிறேன். செல்லசாமி கைநாட்டு வைத்திருக்கிறான்.

இறங்கி வரும்போது ராக்காயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா கண்ணு இப்பத் தெரியுதா, மோட்சத்துல?" என்றாள். எனக்கு நடை நின்றுவிட்டது. "என்னம்மா, லயத்துக்கே தெரியும். ஃபெக்டரியில ஐயா படியத் தடவுனா நாங்க பேச்சுக் கொடுத்துக்கிட்டே முன்னால போவோம். யாருகிட்ட போயி சொல்லப்போறோம்?" என்றாள்.

பத்து வருடம் நான் அவர்களிடமிருந்து மறைத்தேன் என்று நினைத்திருந்தேன், மகன்.

இதை உன் பேராசிரியரிடம் முழுவதும் சொல்லலாம். எழுதியது யார் என்பதையும்.

உன் அம்மா
றோசலின்


பிரிஸ்டல்
16.9.1979

என் அன்புள்ள அம்மாவுக்கு,

இருவரும் சுகம். டோரீன் உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு, அடுப்பில் வைத்ததை மறந்து கருக விட்டாள்.

உங்கள் படத்தைப் பேராசிரியர் முன்னால் விரித்தேன். அவர், "தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்கச் சாயத்தூள் கரைத்துச் செய்யும் சோதனையை இவர்கள் வருடம் தவறாமல் செய்திருக்கிறார்கள்" என்றார். நாங்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்துவிட்டோம், அம்மா. கல் வானத்தைப் பார்த்து எழுதுகிறது என்று நினைத்தோம். அது தன்னிடம் வந்து சேர்ந்த தண்ணீரைத்தான் எழுதுகிறது. ஓடை குழியில் இறங்கிய காலத்தில் மலை முழுக்க நீர் ஊறி, குகைக் கூரை நிறையச் சொட்டியது. கான் வெட்டியதும் நேர் மேலே விழும் மழையின் கசிவு மட்டும் மிச்சம். வானம் மாறவே இல்லை. மண்ணுக்குள் வழி மாறியது, அவ்வளவுதான்.

இப்போது எங்களுக்குப் பெரிய பயம் பிடித்திருக்கிறது. ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்பும் இதே போல் நூலான வரிகள் ஒரு முப்பது இருக்கின்றன. அதைப் பெரும் பஞ்சம் என்று எழுதத் தயாராக இருந்தோம். ஒரு மண்சரிவு ஓடையைத் திருப்பியிருந்தாலும் அப்படித்தானே இருக்கும்? அந்தப் பகுதியைத் திருத்தி எழுதுகிறோம். உங்கள் புத்தகம் இல்லாவிட்டால் எங்களுக்கு இது தெரிந்திருக்காது. அறிக்கையில் மழை அளந்தவர்கள் என்று இரண்டு பெயர்: றோலண்ட் மரியநாயகம், றோசலின் மரியநாயகம். 1963 டிசம்பர் 14க்குப் பேராசிரியர் தனியாக ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். கோடு போட்டதற்காக மரியாதை.

இன்னொன்று. கேட்காமல் இருக்க முடியவில்லை. அப்பாவுக்கு எழுத்து தெரியவில்லை என்றால், அறுபத்து நான்கில் நான் இங்கே வந்ததிலிருந்து அவர் இறக்கும்வரை மாதம் ஒன்றாக எனக்கு வந்த கடிதங்கள்? பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஏழிலெல்லாம் கோடு.

பத்து வருடக் கடிதத்தில் ஒரு முறைகூட அப்பா என்னை வரச் சொல்லவில்லை அம்மா. படி, உடம்பைப் பார், பூசைக்குப் போ. இவ்வளவுதான். அவருக்கு நான் வேண்டியதில்லை என்று எடுத்துக்கொண்டேன். அடக்கத்துக்குக்கூட வராமல் இருந்ததற்கு விமானச் சீட்டு கிடைக்கவில்லை என்று எழுதினேன். கிடைத்திருக்கும். அந்தக் கடிதங்கள் யாருடையவை?

அன்பு மகன்
லோரன்ஸ்


டிக்கோயா
7.10.1979

என் மகன் லோரன்ஸுக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ சுகமாக இருக்க வேண்டும்.

இரண்டு பெயரையும் போட்டதற்கு நன்றி. பேராசிரியருக்கும் சொல். அடுத்த முறை வந்தால் சப்பாத்தோடு உள்ளே வரட்டும்.

கடிதங்கள் அப்பாவுடையவை. மாத முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்வார், நான் எழுதுவேன். அவர் சொன்னதை ஒரு சொல் கூட்டி எழுதியதில்லை. குறைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு கடிதத்துக்கும் அவர் சொல்லும் கடைசி வரி ஒன்று உண்டு. அதை நான் எழுதவில்லை. முதல் வருடம், நீ படிப்பை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று பயந்தேன். பிறகு, வந்தால் அவருடைய கண்ணைப் பார்த்துவிடுவாய், நான் செய்த சத்தியம் உடைந்துவிடும் என்று பயந்தேன். அதற்கும் பிறகு, இத்தனை வருடம் விட்டதை இப்போது எழுதினால் ஏன் என்று கேட்பாயே என்று பயந்தேன். "எழுதிட்டியா?" என்று கேட்பார். "எழுதிட்டேன்" என்பேன். ஒட்டிய கடிதத்தைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் தருவார். உன் பதிலில் வருவதாக ஒரு சொல்லும் இருக்காது. "வேலையா இருக்கும்" என்பார்.

ஒரு நாள் எரிச்சலில் கேட்டுவிட்டேன், "அவன் வந்தாலும் நீங்க என்னத்தப் பாக்கப்போறீங்க?" என்று. "கை இருக்குல்ல" என்றார்.

மழைப் புத்தகத்தில் ஓர் எண்ணை ஊகித்து எழுத எனக்கு மனம் வரவில்லை. பத்து வருடம் அவருடைய ஒரு வரியை விழுங்கினேன். நீ கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அடக்கத்தன்று வாசலைப் பார்த்துக்கொண்டு உன் மேல் கோபப்பட்டேன். அந்தக் கோபத்துக்கு எனக்கு உரிமை இல்லை. இதற்கு மன்னிப்பு என்று எழுதி, அந்தச் சொல் போதாது என்று அடித்துவிட்டு, மறுபடியும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

டோரீனுக்கு என் முத்தம்.

அந்த வரியை அவர் சொன்னபடியே, அவர் சொல்லும் இடத்திலேயே கீழே எழுதுகிறேன். இந்த முறை அவருக்காக மட்டும் அல்ல.

உன் அம்மா
றோசலின்

ஒரு தடவ வந்து மொகத்தக் காட்டிட்டுப் போ, தம்பி.